நுண்பாசி, கழிவுநீர், எரிபொருள்: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்றாகப் பிரிந்தாலும், பழைய வடாற்காட்டுக்காரர்களின் கவலை ஒன்றுதான்: பாலாறும் அதன் இரு கரையிலும் உள்ள கிணறுகளும். "பாசி வளர்த்தால் சாக்கடையும் சுத்தமாகும், டீசலும் கிடைக்கும்" என்ற பேச்சு இங்கே அடிக்கடி காதில் விழுகிறது. தண்ணீர் சுத்தமாகும் என்பது உண்மை. டீசல் விஷயத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்குத் தெரியாமல் யாரும் ஊர்ப்பணத்தைக் கொட்டிவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்க ஊர் ஏரியே பச்சைப்பசேல்னு கிடக்குது. அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

உயிர் ஒன்றுதான், நடப்பது வேறு. சாக்கடை கலந்த ஏரியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிஞ்சிப்போய்ப் பாசி தன்போக்கில் பெருகுகிறது. யாரும் அதை வெளியே எடுப்பதில்லை. அங்கேயே செத்து, அடியில் அழுகி, தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. விடியற்காலையில் மீன் செத்து மிதப்பது இதனால்தான். சில நீலப்பச்சைப் பாசிகள் நஞ்சும் கக்கும். அந்த ஏரியில் மாட்டைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

பாசிக்குளத்தில் அதே பாசியை ஆழமில்லாத தொட்டியில், ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீரில் வளர்த்து, நாள்தோறும் அறுவடை செய்கிறோம். சத்து பாசியின் உடம்பில் ஏறுகிறது, பாசி வெளியே போகிறது, தண்ணீர் தெளிகிறது. அறுவடை இல்லாவிட்டால் அது சுத்திகரிப்பு நிலையமல்ல, இன்னொரு கெட்டுப்போன ஏரி.

பாசி எப்படிச் சாக்கடையைச் சுத்தம் பண்ணும்?

பாசி தனியாகச் செய்வதில்லை. பாக்டீரியாவும் கூட இருக்கிறது. சாக்கடையில் கரைந்திருக்கும் மலம், சோப்பு, சோற்றுக்கஞ்சி போன்ற அழுக்கைத் தின்பது பாக்டீரியா. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். வழக்கமான நிலையங்களில் பெரிய புளோயர் வைத்துக் காற்றை ஊதுகிறார்கள். நிலையத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் பெரும்பாலும் அதற்கே போகிறது. பாசிக்குளத்தில் அந்த வேலையை வெயில் செய்கிறது. பாசி ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை விட, பாக்டீரியா அதை வாங்கிக்கொண்டு கரியமில வாயுவை விட, அதைப் பாசி மறுபடி எடுத்துக்கொள்கிறது. போகிற போக்கில் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் பாசியின் உடம்பாக மாறிவிடுகின்றன. ஒரு கிலோ உலர்ந்த பாசி உருவாக ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு செலவாகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. மத்தியானத்தில் பாசி கரியமில வாயுவை வேகமாக உறிஞ்சுவதால் தண்ணீரின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 9-ஐத் தாண்டும். அப்போது அம்மோனியாவில் ஒரு பகுதி காற்றோடு போகும், பாஸ்பேட் சுண்ணாம்போடு சேர்ந்து படியும். அந்தக் காரத்தன்மையும் வெயிலும் மிகுந்த ஆக்சிஜனும் சேர்ந்து நோய்க்கிருமிகளையும் நன்றாகக் குறைக்கின்றன.

இது புதுசா வந்த விஷயமா?

இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்வால்டும் அவருடன் இருந்தவர்களும் 1950-களிலேயே இந்தப் பாசி-பாக்டீரியா கூட்டைக் கணக்கிட்டுக் குளம் வடிவமைத்தார்கள். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1978-இல், அமெரிக்க எரிசக்தித் துறை பாசியிலிருந்து எரிபொருள் எடுக்க ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டம் தொடங்கி 1996-இல் நிறுத்தியது. பாசி வளர்கிறது, எண்ணெயும் இருக்கிறது, ஆனால் அன்றைய பெட்ரோலிய விலையோடு போட்டியிட முடியாது என்பது அவர்கள் கண்ட முடிவு. 2009-இல் பாசி எரிபொருளில் பெரும்பணத்தோடு இறங்கிய எக்ஸான் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனமும் 2023 வாக்கில் அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டது.

நம் பக்கமும் சளைத்ததல்ல. இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். ராணிப்பேட்டையிலேயே நடந்த ஒரு வேலையைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பத்தாயிரம் பேர் இருக்கிற ஊருக்கு எவ்வளவு இடம் வேணும்?

தலைக்கு 100 லிட்டர் கழிவுநீர் என்று வைத்தால் நாளுக்கு 10 லட்சம் லிட்டர், அதாவது 1,000 கன மீட்டர். தண்ணீர் குளத்தில் ஐந்து நாள் தங்க வேண்டும். ஆகவே 5,000 கன மீட்டர் கொள்ளளவு. வெளிச்சம் அடிவரை இறங்க வேண்டும் என்பதால் ஆழம் 30 சென்டிமீட்டர்தான். கணக்குப் போட்டால் சுமார் 16,700 சதுர மீட்டர், ஏறக்குறைய நாலு ஏக்கர். முன்னால் வண்டல் படிய ஒரு தொட்டி, பின்னால் பாசி படிய ஒரு தொட்டி, உலர்த்துகளம், வண்டிப்பாதை எல்லாம் சேர்த்தால் ஐந்தாறு ஏக்கர் ஆகிவிடும்.

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ குடியிருப்புகளுக்கு நடுவே இவ்வளவு நிலம் வாங்கினால் திட்டம் அங்கேயே முடிந்தது. ஊராட்சிகளில், புறம்போக்கோ தரிசோ இருக்கும் இடத்தில்தான் இது கட்டுபடியாகும். குளத்தின் வடிவம் நீள்வட்ட ஓட்டப்பாதை மாதிரி. நடுவில் ஒரு தடுப்புச்சுவர், ஒரு ஓரத்தில் துடுப்புச் சக்கரம். அது மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வினாடிக்கு 15 முதல் 30 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட்டும்.

சரி, எவ்வளவு டீசல் வரும்? உண்மையைச் சொல்லுங்க சார்.

அதே நாலு ஏக்கர் குளத்தை எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 15 கிராம் உலர்பாசி என்பது நல்ல பராமரிப்பில் கிடைக்கும் அளவு. மொத்தம் நாளுக்கு 250 கிலோ. கழிவுநீரில் வளரும் பாசியில் எண்ணெய்ச் சத்து 10 முதல் 20 சதவீதம். நடுவில் 15 என்று பிடித்தால் 37 கிலோ, சுமார் 40 லிட்டர். ஒரு சொட்டுகூட வீணாகாமல் பிழிந்து எடுத்தால்தான் அந்த 40. வேலூரிலிருந்து சென்னைக்கு ஒரு பஸ் போய்த் திரும்புவதற்கே அது காணாது. பத்தாயிரம் பேரின் சாக்கடை, நாலு ஏக்கர் நிலம், ஒரு நாள் முழுக்க வெயில் எல்லாம் சேர்ந்து தருவது அவ்வளவுதான்.

இணையத்தில் "ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 50,000 லிட்டருக்கு மேல்" என்று ஓர் எண் சுற்றுகிறது. அது பாசியின் உடம்பில் 30 சதவீதம் எண்ணெய் என்றும், ஆண்டு முழுவதும் மிக உயர்ந்த விளைச்சல் என்றும் வைத்துப் போட்ட கணக்கு. நம் குளத்தின் கணக்குப்படி ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 9,000 லிட்டர். நிலத்தில் விளையும் எண்ணெய் வித்துகளோடு பார்த்தால் இதுவே பெரிய விளைச்சல். அந்த அளவில் பாசிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டு, பெரிய எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

எண்ணெய் ஏன் இவ்வளவு குறைவு? குளோரெல்லாங்கிற பாசியில் 50 சதவீதம் எண்ணெய்னு பாடத்தில் படிச்சோமே.

பாசியில் எண்ணெய் கூடுவது அது பட்டினி கிடக்கும்போது. நைட்ரஜன் தீர்ந்துவிட்டால் பாசி பெருகுவதை நிறுத்தி, கிடைக்கும் வெளிச்சத்தை எண்ணெயாகச் சேர்த்துவைக்கும். பாடத்தில் இருக்கும் 50 சதவீதம் அந்த நிலையில் அளந்தது. சாக்கடையோ நைட்ரஜன் நிறைந்தது. லிட்டருக்கு 40 மில்லிகிராம் சாதாரணம். அதில் பாசி புரதத்தைத்தான் கட்டும். பட்டினி போட வேண்டுமென்றால் வளர்ச்சி நிற்கும், குளத்தில் தண்ணீர் தேங்கும், சுத்திகரிப்பு வேகம் விழும். நல்ல தண்ணீரும் நிறைய எண்ணெயும் ஒரே குளத்தில் ஒரே நாளில் கிடைக்காது. திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் இந்த ஒரு முரணை மட்டும் மறைத்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

அடுத்தது உலர்த்தும் செலவு. குளத்து நீரில் லிட்டருக்கு அரை கிராம்கூடப் பாசி இருக்காது. படியவைத்து, மையநீக்கு இயந்திரத்தில் சுற்றிக் கெட்டியாக்கினாலும் 20 சதவீதம்தான் பாசி, மீதி தண்ணீர். அதாவது ஒரு கிலோ உலர்பாசியோடு நாலு கிலோ தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.6 மெகாஜூல் வேண்டும். நாலு கிலோவுக்குப் பத்துக்கு மேல். அந்த ஒரு கிலோ பாசியில் இருக்கும் 150 கிராம் எண்ணெய் எரிந்தால் வருவது 6 மெகாஜூலுக்கும் குறைவு. அடுப்பு வைத்து உலர்த்தினால் எரித்த விறகுக்கு ஈடாக எண்ணெய் வராது. நம் ஊர் வெயிலில் களத்தில் பரப்பிக் காயவைத்தால் அந்தச் செலவு இல்லை, ஆனால் நாற்றமும் ஈயும் வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் களம் சும்மா கிடக்கும்.

காய்ந்த பிறகும் வேலை முடியவில்லை. பாசியின் செல்சுவரை உடைத்து, கரைப்பானில் எண்ணெயைப் பிரித்து, மெத்தனாலும் வினையூக்கியும் சேர்த்து பயோடீசலாக மாற்ற வேண்டும். ஊராட்சி அளவில் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

அப்படின்னா எரிபொருளே இல்லையா?

இருக்கிறது. சாண எரிவாயுக் கலன் வடாற்காட்டுக் கிராமங்களுக்குப் புதிதல்ல. பாசியை உலர்த்தாமல், கூழாக அப்படியே கலனில் விடலாம். உலர்த்தும் செலவு மொத்தமும் மிச்சம். 250 கிலோ உலர்பாசிக்குச் சமமான கூழிலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 40 முதல் 50 கன மீட்டர் மீத்தேன் எதிர்பார்க்கலாம். சமையல் கணக்கில் இரண்டிலிருந்து மூன்று 14.2 கிலோ சிலிண்டர். ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்கோ அரசு விடுதிச் சமையலுக்கோ இது பெரிய உதவி.

இதற்கும் ஒரு பக்குவம் உண்டு. பாசியில் நைட்ரஜன் அதிகம், கரிமம் குறைவு. தனியாகப் போட்டால் கலனில் அம்மோனியா சேர்ந்து வாயு உற்பத்தி படுத்துவிடும். நறுக்கிய வைக்கோல், சந்தைக் காய்கறிக் கழிவு, ஓட்டல் எச்சில் இலை மாதிரிக் கரிமம் மிகுந்ததைச் சேர்த்துப் போட வேண்டும். கலனிலிருந்து வெளிவரும் கரைசல் நல்ல உரம்.

டீசல் என்ற ஆசையை விட்டு எரிவாயு என்று இறங்கினால் பாசித் திட்டம் கிராமத்தில் நிற்கும் என்பது என் முடிவான எண்ணம்.

டேனரித் தண்ணிக்கு இதைப் பயன்படுத்த முடியுமா?

இந்தப் பகுதியில் மிக முக்கியமான கேள்வி இதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நெடுகத் தோல் பதனிடும் தொழில். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதைத் தீர்ப்பிலேயே குறித்தது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதில் நம் பாலாற்றுக்காக நடந்த அந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

டேனரித் தண்ணீரில் இரண்டு தனிப் பிரச்சினைகள். முதலாவது உப்பு. பச்சைத்தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட உப்பு ஊறவைக்கும்போது பெரும்பாலும் தண்ணீரில் இறங்குகிறது. கரைந்த திண்மம் லிட்டருக்கு 10,000 மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். வெளியேற்ற அனுமதிக்கப்பட்ட அளவு 2,100. பாசி உப்பைத் தின்னாது. உப்புநீரில் வளரும் பாசி வகைகள் உண்டு. அவையும் அந்த உப்பில் வாழுமே தவிர அதை எடுக்காது. கிணற்றுநீரைக் கெடுத்து நிலத்தைப் பாழாக்கியது பெரும்பாலும் இந்த உப்புதான். சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கிக் கலன்களும் இல்லாமல் அது போகாது. "பாசி போட்டால் டேனரித் தண்ணீர் விவசாயத்துக்கு ஆகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது குரோமியம். வழக்கமான குரோம் பதனிடலில் போட்ட குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் பிடிக்கும், மீதி தண்ணீரில். அதை அங்கேயே காரம் சேர்த்துப் படியவைத்து மீட்டு மறுபடி பயன்படுத்துவதுதான் சரியான வழி. அதற்குப் பிறகும் மிஞ்சும் சிறிதளவைப் பாசியின் செல்சுவர் பிடித்துக்கொள்ளும் என்பது ஆய்வகங்களில் நன்கு நிறுவப்பட்டது. ஆனால் குரோமியம் எங்கும் மறைந்துபோவதில்லை, தண்ணீரிலிருந்து பாசிக்கு இடம் மாறியிருக்கிறது. அந்தப் பாசி அபாயக் கழிவு. அதை உரமாகவோ தீவனமாகவோ எரிபொருளாகவோ தொடக்கூடாது. பாதுகாப்பாகப் புதைக்கும் இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கழிவுக்கூழை அலட்சியமாகச் சேர்த்துவைப்பது எவ்வளவு கொடியது என்பது இந்த ஊருக்குத் தெரியும். 2015 ஜனவரி 31-ஆம் தேதி ராணிப்பேட்டையில் டேனரிகளின் கழிவுக்கூழ்த் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். புதுத் தொழில்நுட்பம் எதுவானாலும் அதில் வரும் கூழ் எங்கே போகும் என்பதை முதலில் கேளுங்கள்.

ஆகவே பாசியை வீட்டுச் சாக்கடைக்கு வையுங்கள். அது சுத்தமாகிப் பாலாற்றுப் படுகைக்குப் போனால் கிணற்றில் கலக்கும் அழுக்கில் ஒரு பங்காவது குறையும்.

தொழிற்சாலைத் தண்ணீரில் பாசி வெற்றி பெற்றதே இல்லையா?

உண்டு, அதுவும் ராணிப்பேட்டையில். கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசைப்பொருளை எடுக்கும் ஆலை ஒன்றின் கழிவுநீர் அமிலத்தன்மை உடையது. காரம் கொட்டிச் சமன்செய்தால் கரைந்த உப்பும் கழிவுக்கூழும் கூடும். பாசியியல் அறிஞர் வி. சிவசுப்பிரமணியனும் குழுவினரும் குரோகாக்கஸ் டர்ஜிடஸ் என்ற நீலப்பச்சைப் பாசியை அந்தத் தண்ணீருக்குப் பழக்கி, ஆலை அளவிலேயே அமிலத்தைச் சரிசெய்து காட்டினார்கள். 2009-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் எண்ணெயைத் துரத்தவில்லை என்பது. அந்த ஆலையின் ஒரு குறிப்பிட்ட தொல்லைக்குப் பொருத்தமான பாசியைத் தேடினார்கள்.

கத்திரி வெயிலில் பாசி தாங்குமா?

வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. கழிவுநீரில் பரவலாக வளரும் பச்சைப் பாசிகளுக்கு 25 முதல் 35 டிகிரி சுகம். வேலூரில் மே மாதம் 40-ஐத் தாண்டும்போது ஒரு அடி ஆழத் தண்ணீர் நன்றாகவே சூடேறிவிடும். இதற்கு வெளியூர் ஆய்வகத்திலிருந்து விதை வாங்குவதைவிட வேலூர் நகரின் நிக்கல்சன் கால்வாயிலோ உங்கள் ஊர்ச் சாக்கடையிலோ ஏற்கெனவே இந்த வெயிலில் பிழைத்துக் கிடக்கும் பாசியை எடுத்துப் பெருக்குவது நல்லது.

ஆவியாவதையும் மறக்க வேண்டாம். கோடையில் நாளுக்கு 8 மில்லிமீட்டர் போனால், நாலு ஏக்கர் குளத்தில் 1.3 லட்சம் லிட்டர். வந்த தண்ணீரில் எட்டில் ஒரு பங்குக்கு மேல். மிஞ்சும் தண்ணீரில் உப்பு அந்த அளவுக்கு ஏறியிருக்கும்.

கொசு? நாத்தம்?

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் கொசு முட்டையிடாது. சக்கரம் இரண்டு நாள் நின்றால் இடும். நாற்றம் வருகிறதென்றால் அடியில் வண்டல் சேர்ந்துவிட்டது, அல்லது குளம் தாங்குவதைவிட அதிகச் சாக்கடை விட்டுவிட்டார்கள்.

பாசியைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது அவ்வளவு கஷ்டமா?

இந்தத் தொழிலில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. ஒரு செல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. எல்லாச் செல்களும் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு படியாமலே மிதக்கும். அப்படியே தண்ணீரை வெளியே விட்டால், பாசியே அழுக்காகக் கணக்கில் வரும். வெளியேற்றும் நீரில் பி.ஓ.டி. (அழுக்கைத் தின்னப் பாக்டீரியா எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு) எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பைத் தாண்டிவிடுவீர்கள்.

படிகாரம் போட்டுப் படியவைக்கலாம், ஆனால் அலுமினியம் பாசியோடு சேர்ந்து உரத்தின் தரத்தைக் கெடுக்கும். பாசியும் பாக்டீரியாவும் திரண்டு கட்டியாகும்படி வளர்ப்பது மேல். படிந்த கூழில் ஒரு பகுதியைத் தினமும் குளத்துக்கே திருப்பி விட்டால், சீக்கிரம் படியும் வகைகளே நாளடைவில் மேலோங்கும். மருந்துச் செலவு இல்லை, பொறுமை வேண்டும். குளத்தைவிட இந்தப் படிவுத் தொட்டியின் வடிவமைப்பில்தான் நல்ல பொறியாளரின் கை தெரியும்.

சுத்தமான தண்ணீரை வயலுக்கு விடலாமா? பாசியை மாட்டுக்கு?

தீவனப்புல், தென்னை, மரப்பயிர்களுக்கு விடலாம். பச்சையாகச் சாப்பிடும் கீரை, வெங்காயம், தக்காளிக்கு வேண்டாம். கிருமி குறைந்திருக்குமே தவிர ஒழிந்திருக்காது. மாட்டுக்குப் பாசி கொடுக்க வேண்டாம். கடையில் விற்கும் சுருள்பாசி (ஸ்பைருலினா) சுத்தமான உப்புக் கரைசலில் வளர்த்தது, அதோடு இதைக் குழப்பக் கூடாது.

மொட்டை மாடியில் டிரம் வைத்து வீட்டுக் கழிவுநீரில் செய்யலாமா?

பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சிக்கு அருமையாக இருக்கும். வீட்டுத் தேவைக்கு ஆகாது.

எங்க ஊராட்சியில ஆரம்பிக்கணும்னா முதல்ல என்ன செய்யணும்?

சாக்கடையை அளந்து பாருங்கள். ஒரு வாரம், காலை, மத்தியானம், இரவு என்று எவ்வளவு ஓடுகிறது என்று குறியுங்கள். அந்தத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து பி.ஓ.டி., அம்மோனியா, கரைந்த உப்பு, குரோமியம் நாலையும் பாருங்கள். மேலே எங்காவது ஒரு சின்னத் தோல் பட்டறை இரவில் தண்ணீரைத் திறந்துவிட்டால் குரோமியம் அகப்படும். அது நிற்காமல் குளம் வெட்டாதீர்கள்.

பிறகு நூறு சதுர மீட்டரில் ஒரு சோதனைக் குளம். கோடை ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஒன்று, இரண்டையும் அது கடக்க வேண்டும். மழைக்காலத்தில் நாலைந்து நாள் வெயிலே இல்லாதபோதும், பாசியைத் தின்னும் நீர்ப்பூச்சிகள் பெருகி ஒரே வாரத்தில் குளம் வெளுக்கும்போதும் என்ன செய்வது என்று பழகிக்கொள்ள அதுதான் இடம். தினமும் காலையில் வந்து சக்கரத்தைப் பார்த்து, படிவுத் தொட்டியைத் திறந்து, நோட்டில் எழுதும் ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும் அப்போதே தீர்மானத்தில் எழுதி நிறைவேற்றிவிடுங்கள்.